ஜெனரேட்டருக்கு நான் பூசிய விபூதி

திருச்சியில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பாதிப் பேரின் ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுபோகும். இதைத் தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். என் வயதில் என்னைப் புகழ வேறு யாருக்கும் நேரமில்லை. அந்த வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. கணக்கு வாத்தியாரும் நானும் பேசி வைத்தாற்போல ஒருவரை ஒருவர் கைவிட்டோம். பிறகு காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கினேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நிற்பேன். ஒருநாள் காயில் கட்டுகிறவருக்குக் கையில் வெட்டுப்பட்டது. அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கை ஆறித் திரும்பி வந்தபோது அந்த இடம் என்னுடையதாகியிருந்தது. அவருக்கு இன்றுவரை என்மேல் வருத்தம்தான். இப்போது அரியமங்கலத்தில் எனக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கோயிலுக்கும் சாராயக்கடைக்கும் பலகை பார்த்தா வழி கண்டுபிடிக்கிறார்கள்?

நான் சொல்ல வந்தது ஸ்ரீரங்கத்தில் மாமி மண்டபத்தில் நிற்கிற ஜெனரேட்டரைப் பற்றி. மண்டபத்துக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் மாமனார் விட்டுப்போன கல்யாண மண்டபத்தை மாமி ஒருத்தியாக நடத்துவதால் ஊரே அப்படித்தான் சொல்லும். அந்த ஜெனரேட்டரை உண்டாக்கியவன் நான். இன்ஜின், உடைப்புக்கு வந்த ஒரு லாரியிலிருந்து கழற்றியது. கரண்டைப் பெற்றுத் தருகிற ஆல்டர்னேட்டர், மூடிப்போன ஒரு அரிசி ஆலையில் எலிகளோடு கிடந்தது. எலிகளை விரட்டி, காயிலை உரித்து, புதுக் கம்பி கட்டி, இன்ஜினோடு நேர்க்கோட்டில் கோத்தேன். இரண்டின் அச்சும் ஒரு மயிரிழை விலகினால்கூட மிஷின் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறும். என்னுடையது உதறாது. ஓடும்போது அதன்மேல் டீ கிளாஸை வைத்துக் காட்டுவேன். டீயின் மேல் ஆடைகூடக் கலையாது.

கரண்ட் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் இன்ஜினியர்கள் பலகையில் அம்புக்குறி போடுவார்கள். என்னிடம் கேளுங்கள். செப்புக்கம்பிச் சுருளுக்கு நடுவில் ஒரு காந்தத்தைச் சுற்றினால் கம்பியில் கரண்ட் பிறக்கும். ஏன் பிறக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்ஜினியருக்கும் தெரியாது, அவர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். டீசல் இன்ஜினுக்கு ஒரே வேலை, அந்தக் காந்தத்தை நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று, கூடாமல் குறையாமல் சுற்றிக்கொண்டே இருப்பது.

ஆனால் அது பிறவிக் காந்தம் இல்லை. இரும்பின்மேல் கம்பி சுற்றியது. அந்தக் கம்பியில் கரண்ட் போனால்தான் அது காந்தம். இப்போது வம்பைப் பாருங்கள். கரண்ட் உண்டாகக் காந்தம் வேண்டும், காந்தம் உண்டாகக் கரண்ட் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதை. நல்ல வேளையாக இரும்புக்கு ஞாபகம் உண்டு. போன தடவை ஓடியதில் துளிக் காந்தம் அதில் மிச்சம் இருக்கும். அந்தத் துளியைச் சுற்றினால் துளிக் கரண்ட் வரும். அதை எடுத்து மறுபடி காந்தத்துக்கே ஊட்டினால் காந்தம் கொஞ்சம் பெருக்கும். அது இன்னும் கொஞ்சம் கரண்டைப் பெறும். அது மறுபடி ஊட்டும். ஸ்ரீரங்கத்தில் வம்புப்பேச்சு இப்படித்தான் வளரும். சித்திரை வீதியில் ஒருவர் காதில், அந்த வீட்டில் ஏதோ வரன் பார்க்கிறார்களாம் என்று மெல்லப் போட்டால் போதும். நான்கு வீதியும் சுற்றிவிட்டு அது அவரிடமே திரும்பும்போது முகூர்த்தப் பத்திரிகையே அச்சாகியிருக்கும்.

சுற்றுகிற காந்தத்துக்கு ஊட்டுவது எப்படி? ஒயரை நேராகக் கட்டினால் முறுக்கிக்கொள்ளும். அதற்காக அச்சில் இரண்டு பித்தளை வளையங்கள் மாட்டியிருக்கும். ஸ்லிப் ரிங் என்போம். அவற்றின்மேல் கட்டைவிரல் அளவுக் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். அவை கார்பன் பிரஷ். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், பின்னாலிருந்து ஸ்பிரிங் அழுத்தும். அத்தனை பெரிய மிஷின் சாப்பிடுகிற வாய் இந்த இரண்டு கரித்துண்டுதான். புது மிஷின்களில் இந்த வாயும் இல்லை, உரசலும் இல்லை. என் மிஷின் பழசு, வாயால் சாப்பிடுகிற ரகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்ஜினுக்கு ஆயில் மாற்றுவது, காற்றுச் சல்லடை தட்டுவது, டீசலில் சேரும் தண்ணீரை வடிப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, பெல்ட் தொய்யாமல் பார்ப்பது, கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றுவது என்று எல்லாம் நானே வந்து செய்வேன். வாராவாரம் கொஞ்ச நேரம் ஓட்டிப்பார்ப்பது மட்டும் மண்டபத்து எலக்ட்ரீஷியன் பொறுப்பு. நாற்பது வயது, நல்ல மனுஷன், பயந்த சுபாவம். ஓட்டும்போது மண்டபத்து லைட், ஃபேன் எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றி ஓட்ட வேண்டும் என்பதுதான் முறை. அவருக்கு நான் சொல்லியிருந்த முறை வேறு. "சத்தத்தைக் கேளுங்க, போதும். சத்தம் நல்லாருந்தா மிஷின் நல்லாருக்கு."

நல்லபடி ஓடினால் நானூற்றுப் பதினைந்து வோல்ட் காட்ட வேண்டிய சுவர் மீட்டரின் முள் எப்போதோ ஒட்டிக்கொண்டு நானூறிலேயே நின்றது. மிஷின் நின்றாலும் நானூறு, ஓடினாலும் நானூறு. அதை மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை கேட்டார். காது இருக்கிறவனுக்கு முள் எதற்கு என்று அவரைச் சிரித்தே அடக்கினேன்.

போன வருஷம் ஆவணியில் மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால், ஜெனரேட்டர் ஷெட்டில் ஒரு கம்பெனி இன்ஜினியர் தரையை அளந்துகொண்டிருந்தார். சத்தமே வராத புது மிஷின், தானே ஓடும், தானே நிற்கும், தனக்கு என்ன கோளாறு என்று போனுக்குத் தானே செய்தி அனுப்புமாம். என் மிஷின் புகைகிறது, அதிர்கிறது, கல்யாண வீட்டார் புகார் சொல்கிறார்கள் என்றார் மாமி. அதிர்கிறது என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது. டீ கிளாஸைக் கொண்டுவரச் சொன்னேன். மாமி கொண்டுவரவில்லை. இன்ஜினியர் அந்த நானூறில் நின்ற முள்ளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த மௌனத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

மாமி நியாயஸ்தர். ஒரு தவணை கொடுத்தார். "ஐப்பசி முதல் முகூர்த்தம் பெரிய இடத்துக் கல்யாணம், மேஸ்திரி. அன்னிக்கு உங்க மிஷின் தடங்கல் இல்லாம ஓடித்துன்னா இருக்கட்டும். ஓடலைன்னா மறுநாளே பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிடுவேன்."

பழைய இரும்புக்காரன் கடை அரியமங்கலத்தில் என் பட்டறைக்கு எதிர்வரிசையில்தான் இருக்கிறது. நான் பெற்றெடுத்த மிஷினை என் கண்ணெதிரே காஸ் கட்டிங் வைத்துத் துண்டு போடுவான். சம்மட்டிச் சத்தம் வேறு கேட்கும். சொன்னேனே, எனக்குக் காது நல்ல காது.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. அந்த மாதத்தில் ஆயுத பூஜை வந்தது.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். மாமி வீடு நாமம் போடுகிற வீடு. என் வீடு விபூதி. மிஷினை மண்டபத்தில் வைத்த முதல் வருஷம் ஆயுத பூஜைக்கு ஆல்டர்னேட்டரின் நெற்றியில், அதற்கு நெற்றி என்று நான் முடிவு செய்த இடத்தில், மூன்று பட்டை தீட்டினேன். அடுத்து வந்த ஐப்பசிக் கல்யாணத்தில் பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஷெட்டுப் பக்கம் கை கழுவ வந்தவர், அதைப் பார்த்துவிட்டு மாமியிடம் ஏதோ கேட்டிருக்கிறார். மாமி என்னை அழைத்துத் துடைக்கச் சொன்னார். குங்குமம் மட்டும் வைக்கலாம், அது பொது என்றார். "நான் அதுமேல நாமம் சாத்தினா நீங்க சும்மா இருப்பேளா?" என்றும் கேட்டார். இருக்கமாட்டேன்தான். அன்றிலிருந்து வருஷாவருஷம் குங்குமம் மட்டும்.

ஆனால் போன வருஷம் மனசு கேட்கவில்லை. மிஷினின் உயிர் ஒரு முகூர்த்தத்தில் தொங்குகிறது. வெறும் குங்குமத்தை நம்பி எப்படி விடுவது? மலைக்கோட்டைக்குப் படியேறி, மூச்சு வாங்கி, விபூதி வாங்கிவந்தேன். வெளியில் பூசினால்தானே மாமி பார்ப்பார்? உள்ளே பூசினால்?

பூஜையன்று மிஷினை நன்றாகத் துடைத்து, ஊதி, சுத்தம் செய்துவிட்டு, பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே இரண்டு பித்தளை வளையமும் தங்கம் மாதிரி மினுங்கின. இதைவிட நல்ல முகம் மிஷினில் ஏது? கார்பன் பிரஷ்களைத் தூக்கிவிட்டு, விபூதியைச் சந்தனத்தோடும் பன்னீரோடும் குழைத்து, ஒவ்வொரு வளையத்துக்கும் தாராளமாகப் பட்டை போட்டேன். கை தாராளம் எனக்கு. குழம்பு வழிந்து பிரஷ் கூடுகளுக்குள்ளும் இறங்கியது. இறங்கட்டும், அருள் எவ்வளவு இறங்கினாலும் நல்லதுதானே என்று பிரஷ்களை மறுபடி செருகி, மூடியைத் திருகிவிட்டேன். வெளியே சிறிய குங்குமப் பொட்டு. மாமி வந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். ஊரை ஏமாற்றிய திருப்தியோடு சுண்டல் வாங்கித் தின்றேன்.

சந்தனம் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று அரைத்த எல்லாருக்கும் தெரியும். கல்லிலிருந்து சுரண்ட வேண்டும்.

அதன்பிறகு எலக்ட்ரீஷியன் வாராவாரம் மிஷினை ஓட்டினார். சத்தம் கேட்டார். சத்தம் பிரமாதமாக இருந்தது. இருக்காதா பின்னே? சுமையே இல்லாமல் ஓடுகிற இன்ஜின் மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி, அலுப்பே தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் நானும் போய் ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டீ கிளாஸையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி என்று மாமியிடம் சொல்லிவிட்டு, நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரரையும் வரச் சொல்லுங்க, பார்க்கட்டும் என்று கூடுதலாகவும் சொன்னேன். அந்தக் கூடுதலை என் வாய் எப்போதும் தானாகச் சேர்த்துவிடும்.

மறுநாள் காலை மழை. ஐப்பசி மழை என்றால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாத மழை. ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றி ஊஞ்சலில் உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. மண்டபம் கிணற்றுக்குள் மாதிரி இருட்டிக்கொண்டது. நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தாமல் வாசித்தார். அவருக்குக் கரண்ட் தேவையில்லை. நான் ஷெட்டில் தயாராக நின்றேன். பக்கத்தில் எலக்ட்ரீஷியன். வாசலில் குடை மடக்கிக்கொண்டு கம்பெனி இன்ஜினியர், உண்மையாகவே வந்துவிட்டார்.

சாவியைத் திருப்பினேன். ஒரே உறுமலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. இன்ஜினியரை ஒரு பார்வை பார்த்தேன். எலக்ட்ரீஷியன் சுவிட்சைக் கீழே தள்ளினார். நான் மண்டபத்துப் பக்கம் திரும்பி நின்றேன், வெளிச்சம் வருகிற அழகைப் பார்க்க.

வரவில்லை.

எலக்ட்ரீஷியன் சுவிட்சை மேலே தூக்கிக் கீழே தள்ளினார். மறுபடியும் இருட்டு. இன்ஜின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் முள் நானூறு என்றது. "அண்ணே, ஓடுது. ஆனா வரல," என்றார் அவர். சுவிட்சைச் சரியாகத் தள்ளவில்லை என்று அவரைத் திட்டினேன். ஃபியூஸ் போட்டது யார் என்று திட்டினேன். டீசலில் கலப்படம் என்றுகூட ஒருவார்த்தை சொன்னேன். கரண்ட் வராததற்கும் டீசலுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கே தெரியும். ஆனாலும் வாய் ஓடிக்கொண்டிருந்தால் மூளைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

இன்ஜினியர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஆல்டர்னேட்டரின் முனைகளில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "சுவிட்ச்ல ஒண்ணும் இல்லைங்க ஐயா. மிஷின்லயே வோல்டேஜ் ஏறல. காந்தத்துக்குக் கரண்ட் போகலைன்னு நினைக்கிறேன். ஸ்லிப் ரிங் பக்கம் திறந்து பார்க்கலாமா?"

ஸ்லிப் ரிங் என்று அவர் வாயிலிருந்து வந்ததும் மூன்று பட்டையும் கண்முன்னால் வந்து நின்றன. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் ஐந்து நிமிஷ வேலை. திறக்க முடியவில்லை. ஏனென்றால் குடையைப் பிடித்துக்கொண்டு மாமி வந்துவிட்டார்.

நான் இன்ஜினை நிறுத்தினேன். திறக்குமுன் நிறுத்த வேண்டும், அதில் மட்டும் நான் அவசரப்படமாட்டேன். நிறுத்திவிட்டு, திருப்புளி தேடுகிற மாதிரித் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது. புகை அடிக்கும், நீங்க உள்ளே போங்க என்று மாமியிடம் சொன்னேன்.

"நான் விறகடுப்புல சமைச்சவ. புகைக்கெல்லாம் போகமாட்டேன். திருமாங்கல்யதாரணத்துக்கு இன்னும் கால் மணிதான் இருக்கு. திறங்கோ."

முதுகால் மறைத்துக்கொண்டு திறந்தேன். முதுகால் பார்வையை மறைக்கலாம், வாசனையை மறைக்க முடியாது. டீசலும் கிரீஸும் நாறுகிற ஷெட்டுக்குள் கோயில் கர்ப்பக்கிருகம் திறந்த மாதிரி சந்தன வாசனை குப்பென்று வந்தது. இன்ஜினியர் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். வளையங்கள்மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பாலாடை, காயுமுன் பிரஷ் உரசிய இடத்தில் கறுத்துப்போய். பிரஷ்கள் கூட்டுக்குள்ளேயே சிமெண்ட் பூசின மாதிரி ஒட்டி, வளையத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. ஸ்பிரிங் அழுத்தியும் அசையவில்லை. மிஷினின் வாயை நானே சந்தனம் வைத்து அடைத்திருந்தேன்.

"இது என்ன கெமிக்கல் ஐயா?" என்று இன்ஜினியர் கேட்டார். பாவம், கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

மாமி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் கழுத்தில் விழுந்தது. "மேஸ்திரி, இது விபூதி."

"ஆமா மாமி."

"நான் வேண்டாம்னு சொன்னேனே."

"வெளியில வேண்டாம்னுதானே மாமி சொன்னீங்க."

பின்னால் எலக்ட்ரீஷியன் இருமினார். சிரிப்பை அப்படித்தான் விழுங்குவார். மாமி ஒரு மூச்சு விட்டார். "அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல ஓடட்டும்," என்றார்.

பிறகு நடந்ததைப் பற்றி நான் பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு. பிரஷ்களைத் திருப்புளிக் கட்டையால் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். கூட்டைச் சுரண்டினேன். பிரஷ்களை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. வளையங்களை இன்ஜினியர் கையால் சுற்றிச் சுற்றிக் கொடுக்க, நான் தேய்த்தேன். என் தோள் துண்டால் துடைத்தேன். மலைக்கோட்டைப் படியெல்லாம் ஏறி வாங்கிய விபூதி துண்டோடு போயிற்று. பிரஷ்களைச் செருகி விரலால் அசைத்துப் பார்த்தேன். தாராளமாக ஏறி இறங்கின.

இன்ஜினைக் கிளப்பினேன். டெஸ்டர் மினுக்கென்றதோடு சரி. நல்ல வெளிச்சம் இல்லை. அத்தனை நாள் ஊட்டாமல் விட்டதில் இரும்பின் ஞாபகமும் மங்கிப்போயிருந்தது. இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் கிளப்புகிற பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரைக் கொண்டுவந்து, பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ், பிரஷ் முனைகளில் கண்ணிமைக்கிற நேரம் தொட்டு எடுக்க வேண்டும். மயங்கினவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான். மாற்றித் தொட்டாலோ, கூட நேரம் வைத்தாலோ வம்பு. யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். நீங்கள் நான் இல்லை. தொட்டேன், எடுத்தேன். பொறி ஒன்று குதித்தது. பெட்டியின் ஒயரைத் திரும்ப மாட்டினேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"தள்ளுங்க," என்றேன். எலக்ட்ரீஷியன் சுவிட்சைத் தள்ளினார். இன்ஜின் ஒரு முனகல் முனகிச் சுமையைத் தோளில் வாங்கியது. அதுதான் நான் ஒரு மாதமாகக் கேட்டிருக்க வேண்டிய சத்தம். மண்டபம் முழுக்க வெளிச்சம். உள்ளிருந்து கெட்டிமேளம் கேட்டபோது மணி ஒன்பதாக இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

இலை போட்டு முடிந்து, மழையும் விட்டபிறகு மாமி ஷெட்டுக்கு வந்தார். இன்ஜினியரும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு நின்றார். மாமி குரலை உயர்த்தவில்லை. இவருக்கு இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும் என்றார். மிஷின் பழசானதால் இப்படி ஆயிற்றா, வேறு எதனாலாவதா, அதைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றார்.

என்முன்னால் மூன்று கதவுகள் இருந்தன. பழைய மிஷின் மாமி, பிரஷ் மாட்டிக்கொள்வது இந்த ரகத்தில் சகஜம் என்று சொல்லலாம். என் பேர் தப்பும், மிஷின் எதிர்வரிசைக் கடைக்குப் போகும். எலக்ட்ரீஷியன் மாதம் பூராவும் லைட் எதையும் ஏற்றாமல் ஓட்டியிருக்கிறார், ஏற்றி ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைத்தான் சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

தப்பு என்று நான் ஒத்துக்கொண்டதை என் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அந்த வார்த்தைகளை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது.

"மிஷின்ல ஒரு பழுதும் இல்ல மாமி. பழுது எங்கிட்ட. சந்தனத்தை வச்சு அடைச்சது நான். லைட்டு ஏத்தாம சத்தத்தை மட்டும் கேட்டாப் போதும்னு இவருக்குச் சொன்னதும் நான். மீட்டர் வேண்டாம்னதும் நான்தான்."

எலக்ட்ரீஷியன் தலையைத் தூக்கினார். அவர் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆகவே, நாற்பது வருஷத்தில் இதுதான் என் முதல் தப்பு, இப்படி ஒரு தப்பைச் செய்யவும் இன்னொருத்தன் பிறந்துதான் வர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.

மாமி இன்ஜினியரைப் பார்த்தார். அவர் விற்க வந்தவர். ஒரு வார்த்தை போதும், விற்றிருக்கலாம். வெற்றிலையை ஓரம் ஒதுக்கிவிட்டு, "அவர் சொல்றது சரிதாங்க மேடம். மிஷின் நல்லாத்தான் இருக்கு. சைலன்சரை மாத்தினாப் புகையும் சத்தமும் குறையும். அந்த மீட்டரை மட்டும் தயவுசெஞ்சு மாத்தச் சொல்லுங்க," என்றார். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்கும். அவர் கம்பெனி மிஷின் வாங்கியிருக்கிற மன்னார்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இப்போது நான்தான் ஆயில் மாற்றப் போகிறேன்.

மாமி பழைய இரும்புக்காரனைக் கூப்பிடப்போவதில்லை என்றார். "ஒளிச்சு வைக்கப்போய்த்தானே வந்தது இவ்வளவும். இனிமே உங்க பட்டையை வெளியிலயே போட்டுக்கோங்கோ. ஆனா இன்ஜின் பக்கம் என்னோடது."

இந்த வருஷ ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். இன்ஜின் நெற்றியில் மாமி தன் கையால் நாமம் சாத்தினார், அளவாக, கோணாமல். ஆல்டர்னேட்டரின் வெளிமூடியில் நான் மூன்று பட்டை போட்டேன். நடுவில், இரண்டும் சேருகிற இடத்தில், எலக்ட்ரீஷியன் குங்குமம் வைத்தார். அச்சு விலகாமல் கோத்திருக்கிறேனே, அதனால் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அதற்கு முன்னால் நான் பின்மூடியைக் கழற்றிப் பிரஷ்களைத் துடைத்து மூடினேன். கடைசித் திருகு இறுகும்வரை மாமி என் பக்கத்திலேயே நின்றார். என் கையில் சந்தனக் கிண்ணம் இல்லை. அதை அவர் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மண்டபத்து லைட், ஃபேன் எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டினோம். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிச் சத்தம் கேட்டேன். நல்ல சத்தம்.

"காது இருக்கட்டும் மேஸ்திரி," என்றார் மாமி. "முள்ளைப் படியுங்கோ."

சுவரில் புது மீட்டர். கண்ணாடி போடாமல் எனக்குத் தெரியாது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆறாம் வகுப்பில் விட்டுப்போன கணக்கு வாத்தியார் பின்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, மண்டபத்துக்கே கேட்கும்படி வாசித்தேன்:

"நானூத்திப் பதினஞ்சு."